தானுந்து வெப்பநிலைமானி, குளிர்விசிறி பழுதறிதல்

தானுந்து வெப்பநிலைமானி, குளிர்விசிறி பழுதறிதல் என்பது, தானுந்துப் பொறியின் சூட்டைக் காட்டும் மானியும் அச்சூட்டைத் தணிக்கும் மின்விசிறியும் சரிவர இயங்குகின்றனவா என்பதையும், இயங்காவிடில் கோளாறு எந்த உறுப்பில் உள்ளது என்பதையும் படிப்படியாகக் கண்டறியும் முறையாகும். மானி தவறாகக் காட்டுவதும், பொறி உண்மையிலேயே அளவுக்கு மீறிச் சூடாவதும் ஓட்டுநருக்கு ஒரே தோற்றத்தைத் தரலாம். எனவே இவ்விரண்டையும் பிரித்தறிவதே இம்முறையின் முதற் பணியாகும்.

இவ்வாறு பிரித்தறியாவிடில் இருவகை இழப்புகள் நேரும். சில நூறு ரூபாய் விலையுள்ள உணரி கெட்டிருக்க, பொறியின் தலைப்பகுதியைக் கழற்றிப் பெருஞ்செலவில் வேலை பார்ப்பது ஒன்று. மானியின் முள் நடுவில் நிற்பதை நம்பித் தொடர்ந்து ஓட்டிப் பொறியையே இழப்பது மற்றொன்று.

குளிர்விப்புத் தொகுதி

எரிபொருளை எரிப்பதால் கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சக்கரங்களைச் சென்றடையாமல் பொறியின் சுவர்கள் வழியே குளிர்விப்பு நீர்மத்துக்குச் செல்கிறது. பட்டறைகளில் கூலண்ட் என வழங்கப்படும் இந்நீர்மத்தை நீரேற்றி, அதாவது வாட்டர் பம்ப், பொறிக்கும் கதிர்வீசிக்கும் இடையே சுற்றி வரச் செய்கிறது. ரேடியேட்டர் என்று பரவலாக அறியப்படும் கதிர்வீசி, அச்சூட்டைக் காற்றுக்கு அளிக்கிறது.

இத்தொகுதியின் முதன்மையான உறுப்புகள் பின்வருமாறு:

- தெர்மோஸ்டாட்: உள்ளிருக்கும் மெழுகு விரிவதால் திறக்கும் அடைப்பிதழ். பொறி குளிர்ந்திருக்கையில் மூடியிருந்து, பெரும்பாலான வண்டிகளில் 82 முதல் 88 பாகை செல்சியசில் திறக்கத் தொடங்கும்.
- ரேடியேட்டர் மூடி: தொகுதிக்குள் ஏறத்தாழ 1 பார் மிகையழுத்தத்தைப் பேணுகிறது. இவ்வழுத்தத்தில் தூய நீர் 100 பாகைக்கு மாறாக ஏறத்தாழ 120 பாகையில் கொதிக்கும். மூடியின் ரப்பர் வளையம் தளர்ந்தால், வேறு கோளாறு எதுவும் இல்லாமலேயே நீர் பொங்கி வெளியேறும்.
- குளிர்விசிறி: வண்டி நிற்கும்போதும் மெதுவாக ஊரும்போதும் ரேடியேட்டர் வழியே காற்றை இழுக்கிறது. வண்டி விரைந்து ஓடுகையில் எதிர்க்காற்றே போதுமாகையால் விசிறிக்குப் பெரும்பாலும் வேலை இராது.
- வெப்பநிலை உணரி: நீர்மத்தின் வெப்பநிலையை மின்தடை மாற்றமாக வெளிப்படுத்துகிறது.

வரலாறு

தொடக்ககாலத் தானுந்துகளில் ஓட்டுநரின் முன் வெப்பநிலைமானி இருக்கவில்லை. 1912இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பாய்சு மோட்டோமீட்டர், ரேடியேட்டர் மூடியின்மேல் பொருத்தப்பட்ட ஒரு வெப்பமானியாகும். ஓட்டுநர் தம் இருக்கையிலிருந்தே முன்கண்ணாடி வழியாக அதனைப் பார்த்துக்கொள்ளலாம். பின்னர், ஆவியாகும் நீர்மம் அடைத்த நுண்குழாய் வழியே அழுத்தத்தைக் கடத்தி முள்ளை நகர்த்தும் மானிகள் வந்தன. அவற்றைத் தொடர்ந்து ஈருலோகத் தகட்டு மின்மானிகளும், இன்றைய மின்னணுக் கட்டுப்பாட்டகம் இயக்கும் மானிகளும் வழக்குக்கு வந்தன.

இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசடர், பிரீமியர் பத்மினி ஆகிய வண்டிகளில் விசிறி பொறியின் பெல்ட்டாலேயே சுழற்றப்பட்டது. பெல்ட் அறுந்தாலன்றி விசிறி நிற்பதில்லை. ஆனால் பொறி மெதுவாகச் சுழலும்போது விசிறியும் மெதுவாகவே சுழலும். 1983 டிசம்பரில் அறிமுகமான மாருதி 800 வண்டியில் பொறி குறுக்காக அமைந்திருந்தது. அதன் சுழல்தண்டு ரேடியேட்டரை நோக்கி இராமையால் மின்விசிறி தேவைப்பட்டது. பின்னர் வந்த சிற்றுந்துகளில் இதுவே பொது அமைப்பாயிற்று. இம்மாற்றத்தால் உணரி, ரிலே, உருகி, கம்பியிணைப்பு ஆகியவை பழுதுக்கு வாய்ப்புள்ள புதிய இடங்களாயின.

ரேடியேட்டர் மூடியைப் பொறுத்தவரை தமிழ்நாட்டுக்கு ஒரு சிறப்பு உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் நிறுவனம், 1990களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு ரேடியேட்டர் மூடிகளை வழங்கத் தொடங்கி அதற்காகப் பரிசுகளும் பெற்றது.

மானி செயற்படும் விதம்

பெரும்பாலான உணரிகள் சூடேற ஏற மின்தடை குறையும் வகையைச் சேர்ந்தவை. பரவலாகப் பயன்படும் ஒருவகை உணரியின் தோராயமான மின்தடை மதிப்புகள்:

- 20 பாகை செல்சியசு: 2500 ஓம்
- 40 பாகை செல்சியசு: 1200 ஓம்
- 60 பாகை செல்சியசு: 600 ஓம்
- 80 பாகை செல்சியசு: 320 ஓம்
- 100 பாகை செல்சியசு: 190 ஓம்

வண்டிக்கு வண்டி இம்மதிப்புகள் வேறுபடும். எனினும் சூடேறும்போது மின்தடை சீராக, இடையில் தாவல் இன்றிக் குறைய வேண்டும் என்பது பொதுவிதியாகும்.

பழைய வண்டிகளில் மானிக்கென ஒற்றைக் கம்பி கொண்ட தனி உணரி இருக்கும். அது பொறியின் உடலையே புவியிணைப்பாகக் கொள்ளும். புதிய வண்டிகளில் இருகம்பி உணரி மின்னணுக் கட்டுப்பாட்டகத்துக்குச் செய்தி அனுப்ப, கட்டுப்பாட்டகமே மானியையும் விசிறியையும் இயக்குகிறது.

புதிய வண்டிகளின் மானியில் கவனிக்கத்தக்க ஓர் இயல்பு உண்டு. முள் அடிக்கடி ஆடினால் ஓட்டுநர் கலக்கமுறுவார் என்பதால், ஏறத்தாழ 75 முதல் 105 பாகை வரை முள் நடுவிலேயே நிற்குமாறு பல நிறுவனங்கள் அமைத்துள்ளன. ஆதலால் முள் நடுவைத் தாண்டி ஏறத் தொடங்கும்போதே நிலைமை முற்றியிருக்கக்கூடும். சில சிற்றுந்துகளில் முள்ளே கிடையாது. குளிர்ந்திருக்கையில் நீல விளக்கும், அளவு மீறினால் சிவப்பு விளக்கும் மட்டுமே எரியும்.

மற்றொரு குறைபாடு மேலும் இடர் மிக்கது. உணரி நீர்மத்தில் மூழ்கியிருந்தால்தான் சரியான அளவைக் காட்டும். குழாய் வெடித்து நீர்மம் முழுதும் வெளியேறிவிட்டால், உணரியைச் சுற்றி நீராவியும் காற்றுமே எஞ்சும். அப்போது பொறி மிகச் சூடாகிக் கொண்டிருக்க, முள் இறங்கவும் கூடும். ஓட்டத்தின்போது முள் திடீரெனக் கீழே விழுந்தால் அதனை நற்செய்தி எனக் கருதாமல் வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

விசிறி கட்டுப்படுத்தப்படும் முறைகள்

1. வெப்பச் சொடுக்கி முறை: ரேடியேட்டரிலோ தெர்மோஸ்டாட் உறையிலோ பொருத்திய சொடுக்கி, குறித்த சூட்டில் இணைந்து விசிறியை நேரடியாகவோ ரிலே வழியாகவோ இயக்கும். பொதுவாக 92 முதல் 98 பாகையில் இயங்கத் தொடங்கி, ஏறத்தாழ 5 பாகை குறைந்ததும் நிற்கும்.
2. கட்டுப்பாட்டக முறை: உணரியின் செய்தியைக் கொண்டு மின்னணுக் கட்டுப்பாட்டகம் ரிலேயை இயக்கும். ஏசி போடப்படும்போதும் பெரும்பாலான வண்டிகளில் விசிறி இயங்கும்.
3. இருவேக முறை: குறைவேகத்துக்கு விசிறியுடன் ஒரு மின்தடை தொடரிணைப்பில் சேர்க்கப்படும். அத்தடை எரிந்துபோனால் குறைவேகம் இல்லாமற் போகும். சூடு மிகுந்தபின் விசிறி திடீரெனப் பேரோசையுடன் முழுவேகத்தில் கிளம்புவது இதன் அறிகுறியாகும்.

உணரியின் கம்பி அறுந்தால், பல வண்டிகளில் கட்டுப்பாட்டகம் பாதுகாப்புக் கருதி விசிறியை இடைவிடாது ஓடவிடும். எனவே குளிர்ந்த பொறியைத் தொடக்கியவுடனேயே விசிறி ஓடுவது, விசிறியின் பழுதன்று. உணரியின் பழுதாகவே பெரும்பாலும் இருக்கும்.

அறிகுறிகளும் சாத்தியமான காரணங்களும்

- நெரிசலில் சூடேறி, நெடுஞ்சாலையில் தணிதல்: விசிறி, ரிலே, உருகி, வெப்பச் சொடுக்கி.
- நெடுஞ்சாலையில் சூடேறுதல்: ரேடியேட்டர் அடைப்பு, நீரேற்றி, முழுதும் திறவாத தெர்மோஸ்டாட்.
- முள் எப்போதும் அடியிலேயே இருத்தல்: கம்பி அறுதல், உணரிப் பழுது, திறந்தே நின்றுவிட்ட தெர்மோஸ்டாட்.
- சாவியைத் திருப்பியவுடன் முள் உச்சிக்குச் செல்லுதல்: உணரியின் கம்பி உடற்பகுதியில் உராய்ந்து புவியிணைப்பாதல், உணரியின் உள்ளே குறுக்கிணைப்பு.
- முள் ஏறியிறங்கி ஆடுதல்: நீர்மக் குறைவு, தொகுதியில் காற்று, தளர்ந்த இணைப்பான்.
- விளக்குகளைப் போட்டால் முள் நகர்தல்: பொறிக்கும் உடற்பகுதிக்கும் இடையிலான புவியிணைப்பு கெடுதல்.
- நீர்மம் மீண்டும் மீண்டும் குறைதல், வெண்புகை, ரேடியேட்டர் வாயில் இடையறாக் குமிழிகள்: ஹெட் கேஸ்கெட் பழுது.

பழுதறியும் முறை

முதற்படி: பொறி உண்மையிலேயே சூடானதா?

பொறி குளிர்ந்திருக்கையில் நீர்மத்தின் அளவை முதலில் பார்க்க வேண்டும். அளவு குறைந்திருந்தால் மற்ற சோதனைகள் யாவும் தவறான முடிவையே தரும்.

பின்னர் மானியைச் சாராத வேறொரு கருவியால் சூட்டை அளக்க வேண்டும். அகச்சிவப்பு வெப்பமானியைத் தெர்மோஸ்டாட் உறையின்மேல் காட்டி அளப்பது எளிய வழியாகும். பளபளக்கும் அலுமினியப் பரப்பு உண்மையைவிடக் குறைந்த அளவைக் காட்டும். ஆகையால் அவ்விடத்தில் கறுப்பு ஒட்டுநாடா ஒட்டியோ, அருகிலுள்ள ரப்பர் குழாயின்மேலோ அளப்பது நன்று.

2013 ஏப்பிரலுக்குப் பின் இந்தியாவில் விற்கப்பட்ட வண்டிகளில் ஓ.பி.டி. எனப்படும் தற்பழுதறி இணைப்பு உள்ளது. அதில் ஒரு படிப்பானைச் செருகினால் கட்டுப்பாட்டகம் பெறும் வெப்பநிலையை நேரடியாகக் காணலாம். இரவு முழுதும் நின்ற வண்டியில் காலையில் காட்டும் அளவு, சுற்றுப்புற வெப்பநிலையை ஒட்டியிருக்க வேண்டும். காரைக்காலில் அது 25 முதல் 30 பாகையாக இருக்கலாம். அதற்கு மாறாக -40 பாகை எனக் காட்டினால் கம்பி அறுந்துள்ளது என்றும், குளிர்ந்த பொறியில் 130 பாகைக்கு மேல் காட்டினால் குறுக்கிணைப்பு என்றும் கொள்ளலாம். பழுதுக் குறியீடுகளில் பி0117 குறுக்கிணைப்பையும், பி0118 அறுந்த சுற்றையும், பி0128 பொறி உரிய சூட்டை எட்டாமையையும், பி0480 விசிறிக் கட்டுப்பாட்டுச் சுற்றின் பழுதையும் குறிக்கும்.

இரண்டாம்படி: மானியும் உணரியும்

ஒற்றைக் கம்பி உணரியுள்ள பழைய வண்டியில், சாவி போட்ட நிலையில் உணரியின் கம்பியைக் கழற்றினால் முள் அடிக்கு வர வேண்டும். அக்கம்பியைப் பொறியின் உடலில் ஒருகணம் தொட்டால் முள் உச்சியை நோக்கி ஏற வேண்டும். இரண்டும் நிகழ்ந்தால் மானியும் கம்பியும் நலமாக உள்ளன, உணரியே பழுது என முடிவு செய்யலாம். கட்டுப்பாட்டகத்துடன் இணைந்த இருகம்பி உணரியில் இச்சோதனையைச் செய்தலாகாது.

உணரியைத் தனியே சோதிக்க, அதனைக் கழற்றி வெந்நீர்ப் பாத்திரத்தில் அமிழ்த்தி, வெப்பமானியுடனும் மல்டிமீட்டருடனும் அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். தெர்மோஸ்டாட்டையும் இவ்வாறே நூலில் கட்டி நீரில் தொங்கவிட்டு, எந்தச் சூட்டில் திறக்கிறது எனப் பார்க்கலாம்.

மூன்றாம்படி: குளிர்விசிறி

1. ஏசியைப் போட்டு விசிறி ஓடுகிறதா எனப் பார்க்க வேண்டும். ஒற்றை விசிறியுள்ள வண்டியில் அது ஓடினால், மின்னோடியும் அதன் மின்வழியும் நலமாக உள்ளன என்பது தெளிவாகும். பழுது உணரியிலோ வெப்பச் சொடுக்கியிலோ இருக்கலாம்.
2. ஓடாவிடில் உருகியைப் பார்க்க வேண்டும். கண்ணுக்கு முழுதாகத் தோன்றும் உருகியிலும் மயிரிழை விரிசல் இருக்கக்கூடும் என்பதால் மல்டிமீட்டரால் சோதிப்பது நலம்.
3. ரிலேயை எடுத்து, அதே எண்ணும் அமைப்பும் கொண்ட மற்றொரு ரிலேயைப் பொருத்திப் பார்க்கலாம். பல வண்டிகளில் ஒலிப்பானின் ரிலே இதற்கு உதவும்.
4. விசிறியின் இணைப்பானைக் கழற்றி, உருகி சேர்த்த கம்பியால் 12 வோல்ட் மின்கலத்திலிருந்து நேரடியாக மின்சாரம் அளிக்க வேண்டும். விசிறி சுழன்றால் மின்னோடி நலம். குச்சியால் தள்ளிவிட்டபின் மட்டும் சுழன்றால் உள்ளிருக்கும் கரித்துண்டுகள், அதாவது பிரஷ்கள், தேய்ந்துள்ளன.
5. விசிறி ஓடியும் வேகம் குறைவாயின், ஓடும் நிலையிலேயே மின்கலத்தின் நேர்முனைக்கும் விசிறியின் நேர்முனைக்கும் இடையே மின்னழுத்த இழப்பை அளக்க வேண்டும். இது அரை வோல்ட்டுக்கு மிகுந்தால் இடையில் அரிப்புற்ற இணைப்பு உள்ளது. புவியிணைப்புப் பக்கத்துக்கும் இதுவே அளவாகும்.

மின்னோடியை மாற்றியபின் சுழலும் திசையையும் சோதிக்க வேண்டும். கம்பிகள் மாறிப்போனால் விசிறி எதிர்த்திசையில் சுழன்று, வண்டி ஓடுகையில் வரும் காற்றை எதிர்க்கும். பொறிப் பக்கம் பொருத்திய விசிறி ஓடும்போது ரேடியேட்டரின் முன்புறம் ஒரு தாளைப் பிடித்தால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். தாள் விலகிப் பறந்தால் திசை தவறாகும்.

காரைக்கால் பகுதிக்குரிய காரணிகள்

புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் மாவட்டம், காவிரிப் படுகையின் கடலோரத்தில், தமிழ்நாட்டின் மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களால் சூழப்பட்டுள்ளது. இங்கும் இதுபோன்ற கடலோர ஊர்களிலும் குளிர்விப்புத் தொகுதியின் பழுதுகளுக்கு நான்கு காரணங்கள் சிறப்பாக அமைகின்றன.

முதலாவது உப்புக்காற்று. கடற்காற்றின் உப்பும் ஈரமும் ரிலேயின் செப்புக் கால்களிலும் இணைப்பான்களிலும் பச்சைநிறக் களிம்பை உண்டாக்குகின்றன. ரேடியேட்டரின் மெல்லிய அலுமினியத் தகடுகளும் அரிக்கப்பட்டு, விரலால் தொட்டாலே உதிரும் நிலையை அடையும். நீர் கசியாத ரேடியேட்டரும் தகடுகள் உதிர்ந்துவிட்டால் சூட்டை வெளியேற்றாது.

இரண்டாவது நிலத்தடி நீர். கடலோரத்தின் பல இடங்களில் கிணற்று நீரும் ஆழ்குழாய் நீரும் உப்பும் கடினத்தன்மையும் மிக்கவை. அவசரத்துக்கு இந்நீரைத் தொடர்ந்து ஊற்றினால், நுண்குழாய்களில் சுண்ணாம்புப் படிவு ஏற்படுவதுடன் அலுமினியமும் அரிக்கப்படும். உணரியின்மேல் படியும் படிவு அது காட்டும் அளவைத் தாமதப்படுத்தும். நிறுவனம் பரிந்துரைக்கும் கூலண்டையும் காய்ச்சி வடித்த நீரையும் கலந்து பயன்படுத்துவதே முறையாகும்.

மூன்றாவது மெதுவான போக்குவரத்து. திருநள்ளாறு சனீசுவரர் கோயிலுக்குச் சனிக்கிழமைகளிலும், ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் சனிப்பெயர்ச்சியின்போதும் பெருந்திரளான வண்டிகள் வருகின்றன. 2023 டிசம்பர் 20 அன்று இத்தகைய விழா நடைபெற்றது. தொலைவூர்களிலிருந்து நெடுஞ்சாலையில் விரைந்து வரும் வண்டியில் விசிறி பழுதாகியிருப்பினும் எதிர்க்காற்றால் அது வெளித்தெரியாது. ஊருக்குள் ஏசியுடன் ஊர்ந்து செல்லத் தொடங்கியபின்பே முள் ஏறும்.

நான்காவது வெள்ளம். 2008 நவம்பரில் காரைக்கால் அருகே கரையைக் கடந்த நிசா புயல் இப்படுகையில் பெருமழையைக் கொணர்ந்தது. நீரில் மூழ்கிய வண்டிகளின் விசிறி மின்னோடியும் இணைப்பான்களும் உடனே கெடாமல், சில மாதங்கள் கழித்து அரிப்பால் கெடுவதுண்டு. வெள்ளத்துக்குப் பின் இவற்றைக் கழற்றித் துடைத்து உலர்த்துவது நலம் பயக்கும்.

பட்டறை வழக்கங்களும் அவற்றின் விளைவுகளும்

வெப்பநாட்டுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்னும் கருத்தால் அதனைக் கழற்றி எறியும் வழக்கம் பரவலாக உள்ளது. இதனால் பொறி உரிய சூட்டை எட்டத் தாமதமாகி, எரிபொருள் மிகுதியாகச் செலவாகும், தேய்மானமும் கூடும். சில பொறிகளில் தெர்மோஸ்டாட்டே மாற்றுவழியை மூடும் பணியையும் செய்கிறது. அங்கு அதனை நீக்கினால் நீர்மத்தின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குச் செல்லாமலே திரும்பி, சூடு மேலும் ஏறும்.

விசிறியை நேரடியாக மின்கலத்துடன் இணைத்துத் தனிச் சொடுக்கி வைப்பது மற்றொரு வழக்கமாகும். வழியில் நின்றுவிட்ட வண்டியை வீடு சேர்க்க இது உதவும். ஆனால் நிலையான தீர்வாகாது. ஓட்டுநர் சொடுக்கியைப் போட மறந்தால் பொறி கெடும், அணைக்க மறந்தால் மின்கலம் தீரும். விசிறி 10 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டத்தை இழுக்கக்கூடியது. உருகி இல்லாத மெல்லிய கம்பியில் அதனை இணைத்தால் தீப்பற்றவும் கூடும்.

பொறிக்கு நேரும் கேடு

சூடேறும்போது அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இருமடங்கு விரியும். பல பொறிகளில் தலைப்பகுதி அலுமினியத்தாலும் உடற்பகுதி வார்ப்பிரும்பாலும் ஆனவை. அளவு மீறிய சூட்டில் தலைப்பகுதி வளைந்து, இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட் கிழியும். நீர்மம் எண்ணெயுடன் கலந்தால் எண்ணெய் பால்கலந்த தேநீர் போல் மாறும். அந்நிலையில் தொடர்ந்து ஓட்டினால் தாங்கிகள் தேய்ந்து பொறி இறுகிவிடும்.

பாதுகாப்பு

- சூடான பொறியின் ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்கக்கூடாது. அழுத்தம் நீங்கியவுடன் 100 பாகைக்கு மேற்பட்ட நீர் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகவைக்கும். மேற்குழாய் கைபொறுக்கும் அளவுக்குக் குளிர்ந்து, அழுத்தினால் தளர்வாக இருக்கும்வரை காத்திருக்க வேண்டும்.
- பொறி நின்றபின்னும் விசிறி தானாகக் கிளம்பக்கூடும். இணைப்பானைக் கழற்றாமல் அதனருகே கையையோ தொங்கும் துணியையோ கொண்டு செல்லலாகாது.
- ஓட்டத்தில் முள் ஏறினால் ஏசியை அணைத்து, வெப்பமூட்டியை முழு அளவில் போட்டு, பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும். வெப்பமூட்டி ஒரு சிறு ரேடியேட்டராகப் பயன்படும்.
- சூடான பொறியின்மேலோ உள்ளேயோ குளிர்நீரை ஊற்றினால் உலோகம் விரிசலுறும்.
- பெரும்பாலான கூலண்டுகளில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சாகும். குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாமல் வைக்க வேண்டும். வாய்க்காலிலோ குளத்திலோ ஊற்றலாகாது.

இவற்றையும் பார்க்கவும்

- உள் எரி பொறி
- வெப்பநிலை உணரி
- தெர்மோஸ்டாட்
- மின்னோடி
- ரிலே
- காரைக்கால் மாவட்டம்

பகுப்புகள்: தானுந்தியல் | வெப்ப இயக்கவியல் | மின்னணுவியல்